மூலிகைச் சாற்றை டெஸ்டுக்குக் கொடுக்கும் முன்: கொங்குப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் ஒரு உயிர்வேதியியல் லேபில் வேலை. புராஜெக்ட் பண்ணும் எம்.எஸ்சி. பிள்ளைகள், தோட்டத்தில் முருங்கையும் சிறுகுறிஞ்சானும் வைத்திருப்பவர்கள், பொடி அரைத்து விற்க நினைக்கும் கடைக்காரர்கள் எல்லோரும் கேட்பது சுற்றிச் சுற்றி ஒரே விஷயங்கள்தான் என்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

ஏனுங்க, ஆன்டிஆக்சிடன்ட் டெஸ்ட்னா அப்படி என்னதான் பண்ணுவீங்க?

ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்தான் ஆன்டிஆக்சிடன்ட். அதைப் பார்க்கப் பெரும்பாலும் டிபிபிஹெச் என்ற பொருளில்தான் வேலை தொடங்கும். கருத்த தூள், மெத்தனாலில் சில மில்லிகிராம் போட்டாலே குடுவை முழுக்க நாவல்பழச் சாறு மாதிரி ஊதாவாகிவிடும். அதன் மூலக்கூறில் ஜோடி சேராத எலக்ட்ரான் ஒன்று நிற்கிறது, அந்த நிறம் அதனால் வருவது. சாற்றில் இருக்கும் பொருள் அதற்கு ஒரு ஹைட்ரஜனையோ எலக்ட்ரானையோ கொடுத்தால் ஊதா வெளுத்து வைக்கோல் மஞ்சளாகும். இருட்டில் 30 நிமிடம் வைத்து, ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில், 517 நானோமீட்டர் அலைநீளத்தில் எவ்வளவு வெளுத்தது என்று பார்க்கிறோம். பிளாய்ஸ் என்பவர் 1958இல் எழுதிய முறை, இன்றைக்கும் அடிப்படை அதேதான்.

கவனித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். வைட்டமின் சி விட்ட குழாய் கண்முன்னாலேயே வெளுக்கும், இலைச் சாறு விட்டது நிதானமாக, நிமிடக் கணக்கில் இறங்கும். அதனால் எத்தனை நிமிடத்தில் எடுத்த ரீடிங் என்று எழுதாத ரிசல்ட்டை வைத்து ஒன்றும் பேச முடியாது.

அது ஒண்ணு மட்டும் பண்ணினாப் போதாதா?

போதாது. ஏபிடிஎஸ், ஃப்ராப், ஃபோலின் என்ற மூன்று டெஸ்டுகளையாவது சேர்த்துப் பார்ப்பது வழக்கம். ஏபிடிஎஸ் நீலப்பச்சை, 734 நானோமீட்டரில் படிப்பது. பொட்டாசியம் பெர்சல்ஃபேட்டோடு கலந்து 12 முதல் 16 மணி நேரம் இருட்டில் வைத்தால்தான் நிறம் தயாராகும், ஆக முந்தின நாள் சாயங்காலமே கலந்து வைக்காமல் காலையில் வந்து தேடிப் பிரயோஜனமில்லை. ஃப்ராப் முறையில் சாறு ஃபெரிக் இரும்பை ஃபெரஸ் ஆக மாற்றுகிறதா என்று 593 நானோமீட்டரில் பார்க்கிறோம், 1996இல் பென்சியும் ஸ்ட்ரெய்னும் கொடுத்தது.

ஃபோலின் முறையை ‘மொத்த ஃபீனால் அளவு’ என்று எல்லோரும் எழுதுகிறார்கள். உண்மையில் அந்த ரீஏஜென்ட் ஃபீனாலை மட்டும் பார்ப்பதில்லை. வைட்டமின் சி, சில புரதங்கள், சில சர்க்கரைகள் எல்லாவற்றோடும் நீலமாகும். நெல்லிக்காய்ச் சாற்றில் ஃபோலின் எண் ஏறிக்கிடக்கிறது என்றால் அதில் ஒரு பங்கு வைட்டமின் சியின் வேலை, அதைக் கழிக்காமல் "ஃபீனால் மலை" என்று எழுதக் கூடாது.

நொதியைத் தடுக்குதுன்னு சொல்றாங்களே, எந்த நொதியை?

அதைத்தான் முதலில் முடிவு பண்ண வேண்டும். சர்க்கரைக்கு என்றால் மாவுச்சத்தை வெட்டும் ஆல்ஃபா அமைலேஸ், குடலில் கடைசி வெட்டு வெட்டும் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ்; ஒப்பிட அகார்போஸ் என்ற சர்க்கரை மாத்திரை. யூரிக் அமிலத்துக்கு சாந்தீன் ஆக்சிடேஸ், ஒப்பிட அலோபியூரினால் என்ற மாத்திரை. மறதி நோய்க்கு அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ், எல்மன் 1961இல் கொடுத்த மஞ்சள் நிற முறை. தோல் கருப்புக்கு டைரோசினேஸ், ஒப்பிட கோஜிக் அமிலம். கொழுப்புக்கு லைபேஸ், ஒப்பிட ஆர்லிஸ்டாட் என்ற மருந்து.

இதில் என் கருத்து ஒன்று. சாப்பிடும் மூலிகைக்கு அமைலேஸ், குளுக்கோசிடேஸ், லைபேஸ் டெஸ்டுகளுக்குக் கொஞ்சம் அதிக மதிப்புக் கொடுக்கலாம், ஏனென்றால் அந்த நொதிகள் குடலிலேயே இருக்கின்றன, சாறு ரத்தத்தில் ஏற வேண்டிய அவசியமில்லை. மூளையில் இருக்கும் நொதியைக் குழாயில் தடுத்தது என்றால், வயிறு, கல்லீரல், மூளைக்கு முன்னால் இருக்கும் தடுப்பு எல்லாம் தாண்டிப் போகுமா என்ற கேள்வி அப்படியே பாக்கி நிற்கிறது.

அமைலேஸை ரொம்பத் தடுத்தாலும் சிக்கல்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, வயிறு உப்பி, வாயு பிரியும். அகார்போஸ் சாப்பிடுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

எங்க சாறு அகார்போஸை விட நல்லா வேலை செய்யுதுங்க, பேப்பர் போட்டுடலாங்களா?

இந்தக் கேள்வி வந்தாலே நான் முதலில் கேட்பது: எந்த குளுக்கோசிடேஸ் வாங்கினீர்கள்?

பெரும்பாலான லேப்களில் வாங்குவது ஈஸ்டிலிருந்து எடுத்தது. சுலபமாகக் கிடைக்கும், விலையும் ஒத்துவரும். ஆனால் அகார்போஸ் ஈஸ்ட் நொதியிடம் மிகவும் பலவீனமாகத்தான் வேலை செய்யும். பாலூட்டியின் குடல் நொதியிடம்தான் அதன் பலம் தெரியும். ஈஸ்ட் நொதியும் நம் குடலில் இருப்பதும் வேறு வேறு குடும்பம். ஆக, ஈஸ்ட் நொதியை வைத்து ‘அகார்போஸைத் தாண்டியது’ என்பது பெரிய விஷயமில்லை, தாண்டாத இலைதான் அபூர்வம். எலியின் குடல் பவுடர் விற்பனைக்குக் கிடைக்கிறது, அதைக் கரைத்துத் திரும்பப் பாருங்கள். பல ‘சூப்பர்’ சாறுகள் அங்கே அடங்கிவிடும். அங்கேயும் நின்றால் சரி, அப்புறம் பேப்பர் பேசலாம்.

ஈரோட்டு மஞ்சளை டெஸ்ட் பண்ணினோம், ரிசல்ட் ஒரு நாளைக்கு ஒரு மாதிரி வருது. ஏன்?

ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு இதில் புராஜெக்ட் பண்ணுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள், அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

குளுக்கோசிடேஸ் டெஸ்டில் நொதி வெட்டியதும் வெளிவருவது பாரா நைட்ரோபீனால். அது மஞ்சள் நிறம், 405 நானோமீட்டரில் படிக்கிறோம். குர்குமினும் மஞ்சள் நிறம், அதன் உச்சம் 425 பக்கம். கருவிக்கு எது யாருடைய மஞ்சள் என்று தெரியாது, இரண்டையும் கூட்டி ஒரு எண்ணைக் கொடுக்கும். இதற்கு மேல், நொதியை நிறுத்த சோடியம் கார்பனேட் விடுகிறோம் இல்லையா, அது காரம். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்தித் தண்ணீர் சிவக்கும் அதே காரணத்தால் குழாயும் செம்மஞ்சளாக மாறும். காரத்தில் குர்குமின் நிற்கவும் நிற்காது, நிமிடக் கணக்கில் சிதைந்துகொண்டே இருக்கும், ரீடிங் எடுக்கத் தாமதமானால் எண் மாறும். ஒரு நாளைக்கு ஒரு மாதிரி வருவதற்கு இது போதாதா?

தீர்வு பழையதுதான்: ஒவ்வொரு அளவுக்கும் சாம்பிள் பிளாங்க் வைக்க வேண்டும். சாறு, பஃபர் (அமில-காரத் தன்மை மாறாமல் வைக்கும் கரைசல்), கார்பனேட் எல்லாம் இருக்கும், நொதி மட்டும் இருக்காது. ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். சாறு இல்லாத கன்ட்ரோல் 1.0 காட்டுகிறது, சாறு விட்ட குழாய் 0.8. பிளாங்க் பார்க்காதவர் 20 சதவீதம் தடுத்தது என்று எழுதுவார். பிளாங்க் மட்டும் 0.3 காட்டினால், நொதி உண்டாக்கிய நிறம் 0.5தான், அப்போது தடுத்தது 50 சதவீதம். ஒரே குழாய், ஒரே நாள், இரண்டு ரிசல்ட்.

மஞ்சள் மட்டும் இப்படி ஏமாற்றுவதில்லை. செம்பருத்திப் பூவின் சிவப்பு 517 பக்கமே ஒளியை உறிஞ்சும், அதனால் டிபிபிஹெச்சில் அதன் பலம் குறைவாகத் தெரியும். அமைலேஸுக்கு டிஎன்எஸ் முறை பண்ணினால், அந்த ரீஏஜென்ட் சர்க்கரையோடுதான் நிறம் மாறும், சாற்றிலேயே குளுக்கோஸ் இருந்தால், பழச் சாறு என்றால் சொல்லவே வேண்டாம், நொதி வேலை செய்யாமலேயே நிறம் ஏறி, ‘தடுக்கவே இல்லை’ என்று காட்டும். எல்மன் முறையில் தயோல் என்ற கந்தகச் சேர்மம் உள்ள சாறு போட்டால் நொதி இல்லாமலேயே மஞ்சளாகும், பூண்டு, சின்ன வெங்காயம் வைத்து வேலை செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். டைரோசினேஸில் வைட்டமின் சி செய்யும் தந்திரம் வேறு: நொதியைத் தொடாது, நொதி உண்டாக்கிய, நிறம் வருவதற்கு முந்தின பொருளான டோபாகுவினோனைப் பழையபடி டோபாவாக மாற்றிவிடும். நிறம் வராது, நாமும் ‘தடுத்துவிட்டது’ என்று சந்தோஷப்படுவோம். நேரம் போட்டு கிராஃப் வரைந்தால் வைட்டமின் சி தீர்ந்த நிமிடத்தில் கோடு மேலே ஏறுவது தெரியும்.

கடுக்காயும் ஆவாரம்பட்டையும் எல்லா நொதியையும் தடுக்குது. அதிசயம்தானே?

எல்லாவற்றையும் தடுக்கிறது என்றாலே எனக்குச் சந்தேகம் வரும். இரண்டிலும் டானின் நிறைய, ஆவாரம்பட்டை தோல் பதனிடவே பயன்பட்ட சரக்கு. டானின் புரதத்தைக் கண்டால் ஒட்டிப் படியவைக்கும், தோல் பதமாவதும் கடுக்காய் கடித்தால் வாய் துவர்ப்பதும் அதனால்தான். நொதியும் புரதம்தானே, குழாயில் அதையும் பிடித்துக்கொள்ளும். இது குறிப்பிட்ட நொதியைக் குறிவைத்த தடுப்பு இல்லை.

பார்க்க வழி உண்டு. சாற்றை டானினைப் பிடித்துக்கொள்ளும் பிவிபிபி பவுடரோடு கலக்கி, வடிகட்டி, டானினை எடுத்துவிட்டுத் திரும்ப டெஸ்ட் பண்ணுங்கள். 0.01 சதவீதம் ட்ரைட்டன் எக்ஸ்-100 சேர்த்து ஒரு ரன் போடுங்கள், மூலக்கூறுகள் கும்பலாகத் திரண்டு நொதியை மூடிக்கொண்டிருந்தால் அந்த டிடர்ஜென்ட்டில் கலைந்துபோகும், தடுப்பும் காணாமல் போகும். எந்த டெஸ்டிலும் வேலை செய்வதுபோல் காட்டி ஏமாற்றும் இப்படிப்பட்ட மூலக்கூறுகளை பேயலும் ஹாலோவேயும் 2010இல் பட்டியல் போட்டார்கள், பெயின்ஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். குர்குமினையும் இந்த ரகத்தில் வைத்து 2017இல் நீண்ட விமர்சனக் கட்டுரை வந்தது. மஞ்சள் விற்கும் ஊர்க்காரர்களுக்குக் கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும், சமையலுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

செடி எங்கே பறிக்கலாம்? கடையில வாங்கினா ஆகாதா?

கடையில் வாங்கியது டெஸ்டுக்கு ஆகாது. கீழாநெல்லி என்று வாங்கும் கட்டில் அதே குடும்பத்து வேறு செடிகள் கலந்திருப்பது சகஜம், காய்ந்து ஒடிந்தபின் கண்ணால் பிரிக்க முடியாது. பூவோ காயோ உள்ள முழுச் செடியை நீங்களே பறித்து, அழுத்திக் காயவைத்து, கோவை வேளாண் பல்கலை வளாகத்தில் இருக்கும் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென் மண்டல மையத்தில் அடையாளம் பார்த்துச் சான்று வாங்குங்கள். 1955இலிருந்து அங்கே இருக்கிறது. அந்தச் சான்று எண் இல்லாமல் நல்ல ஜர்னல்கள் கட்டுரையைத் தொடாது.

வேலியோரம், தோட்டம், புறம்போக்குக் காடு வேறு. சத்தியமங்கலம், ஆனைமலைப் புலிகள் காப்பகம் வேறு. அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு இலை பறிக்கக் கூடாது. சாற்றை வெளிநாட்டு லேபுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் 2002ஆம் வருட உயிரியல் பன்மயச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணியில எடுக்கறதா, மெத்தனால்ல எடுக்கறதா?

என்ன கேள்விக்குப் பதில் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஊரில் கஷாயமாகக் குடிப்பதைச் சோதிப்பதாக இருந்தால் தண்ணீரில் காய்ச்சித்தான் எடுக்க வேண்டும். நிலவேம்புக் குடிநீர் ஒன்பது சரக்கு சேர்ந்தது. நிலவேம்பை மட்டும் மெத்தனாலில் ஊறவைத்து எடுத்த ரிசல்ட்டைக் காட்டி அந்தக் குடிநீரைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. எந்தப் பொருள் வேலை செய்கிறது என்று தேடுகிறவர்களுக்கு ஹெக்சேன், எத்தில் அசிடேட், மெத்தனால் என்று வரிசையாக ஏறுவது சரி.

நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் போட்டால் இலை கருகி ஃபீனால் போகும். ரோட்டவேப் என்ற வற்றவைக்கும் கருவியில் 40 டிகிரிக்குள் வற்றவைப்பது நல்லது. மெத்தனால் விஷம், அந்தச் சாற்றை யாரும் நாக்கில் வைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. கரையாததை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்தால், குழாயில் அதன் அளவு ஒரு சதவீதத்தைத் தாண்டாமல் பாருங்கள், அதுவே நொதியைத் தடுக்கும். அதே அளவு டிஎம்எஸ்ஓ விட்ட கன்ட்ரோலும் வேண்டும். சிறுவாணித் தண்ணீர் எவ்வளவு ருசியாக இருந்தாலும் பஃபருக்கு டிஸ்டில்டு வாட்டர்தான்.

ஐசி 50ங்கறது என்னங்க?

நொதியின் வேகத்தைப் பாதியாகக் குறைக்க எவ்வளவு சாறு வேண்டும் என்ற அளவு. சிறிய எண் என்றால் பலம் அதிகம். குறைந்தது ஐந்தாறு அளவுகளில் பண்ணி வளைகோடு வரைந்து எடுக்க வேண்டும், இரண்டு புள்ளிக்கு நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போடுவது ஐசி 50 ஆகாது. மைக்ரோகிராமையும் மில்லிகிராமையும் மாற்றி எழுதிவிட்டு ‘அலோபியூரினாலுக்குச் சமம்’ என்று வருகிறவர்கள் உண்டு, ஆயிரம் மடங்கு வித்தியாசம். இன்னொரு லேபின் எண்ணோடு ஒப்பிடுவதும் வீண், நொதி அளவும், நொதி வேலை செய்யும் பொருளான சப்ஸ்ட்ரேட்டின் அளவும் மாறினால் எண் மாறிவிடும். பக்கத்துக் குழாயில் இருக்கும் உங்கள் ஸ்டாண்டர்டோடு ஒப்பிடுங்கள்.

மூணு தடவை ரீடிங் எடுத்தாச்சு, போதுமா?

ஒரே சாற்றை மூன்று தடவை பிப்பெட் பண்ணினால் உங்கள் கை நிதானமாக இருக்கிறது என்று தெரியும். செடியைப் பற்றி ஒன்றும் தெரியாது. தனித்தனியாகப் பறித்து, தனித்தனியாக எடுத்த மூன்று சாறு வேண்டும். மூலனூரில் ஆடியில் பறித்த முருங்கை இலையும் மழைக்குப் பிறகு பறித்ததும் ஒரே மாதிரி இருக்காது.

சிறுகுறிஞ்சான் மென்னா சர்க்கரை இனிக்கறதே இல்லை. அப்ப சுகர் நொதியைத் தடுக்குதுன்னுதானே அர்த்தம்?

இல்லை. இலையை மென்றுவிட்டு வாயில் சர்க்கரை போட்டால் மணலைப் போட்ட மாதிரி இருக்கும், உண்மை. அது ஜிம்னெமிக் அமிலம் நாக்கின் இனிப்பு ஏற்பியில் போய் உட்கார்ந்துகொள்வதால் வருவது. நொதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அமைலேஸைத் தடுக்கிறதா என்பதைத் தனியாகச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

கண்வலிக்கிழங்கு விதையை மூட்டு வாத மருந்துக்கு ஏத்துமதி பண்றாங்க. அது சாந்தீன் ஆக்சிடேஸ் டெஸ்டுல ஒண்ணுமே காட்டலையே?

நல்ல கேள்வி, தாராபுரம், மூலனூர் பக்கத்துக்காரர்கள்தான் இதைக் கேட்பார்கள். விதையில் இருக்கும் கோல்ச்சிசின், யூரிக் அமிலத்தால் வரும் கவுட் என்ற மூட்டு வலிக்கு உண்மையான மருந்து. ஆனால் அது யூரிக் அமிலம் உண்டாவதைத் தடுப்பதில்லை. செல்லுக்குள் இருக்கும் டியூபுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து, வெள்ளணுக்கள் திரண்டு வந்து வீக்கம் உண்டாக்குவதைக் குறைக்கிறது. நீங்கள் வைத்த டெஸ்டில் அது தோற்றது, மருந்தாக அது தோற்கவில்லை. தப்பான நொதியை வைத்துக் கேட்டால் நல்ல மருந்தும் ‘இல்லை’ என்றுதான் சொல்லும்.

கையோடு ஒரு எச்சரிக்கை: கிழங்கும் விதையும் கொடிய விஷம், மருந்தளவுக்கும் ஆளைக் கொல்லும் அளவுக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. லேபில் கையுறை இல்லாமல் அரைக்காதீர்கள், வீட்டில் அரைக்கவே அரைக்காதீர்கள்.

ஆன்டிஆக்சிடன்ட் அதிகம்னு பாக்கெட்ல போட்டு விக்கலாங்களா?

குழாயில் வரும் எண் உடம்பில் அப்படியே நடக்காது. அமெரிக்க வேளாண் துறை இதே மாதிரி ஓராக் என்ற ஆன்டிஆக்சிடன்ட் டெஸ்டின் எண்களை உணவுவாரியாகப் பட்டியல் போட்டு வைத்திருந்தது. வியாபாரிகள் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள், உடல்நலத்தோடு அந்த எண்ணுக்கு நேரடித் தொடர்பு காட்ட ஆதாரம் இல்லை என்று சொல்லி 2012இல் தானே எடுத்துவிட்டது. ‘சர்க்கரையைக் குணப்படுத்தும்’ என்று விளம்பரம் போட்டால் 1954ஆம் வருட மருந்து, மந்திர நிவாரண விளம்பரச் சட்டம் நேராக வந்து பிடிக்கும், அதன் அட்டவணையில் நீரிழிவு இருக்கிறது. முருங்கைப் பொடியை முருங்கைப் பொடி என்றே விற்பதில் என்ன குறைச்சல்?

டெஸ்ட் நல்லா வந்திருக்குது, அப்பாவோட சுகர் மாத்திரையை நிறுத்திட்டு இதைக் கொடுக்கலாமா?

கூடாது. மாத்திரையோடு சேர்த்துக் கொடுப்பதையும் டாக்டரிடம் சொல்லாமல் செய்யாதீர்கள், இரண்டும் சேர்ந்து சர்க்கரை ஒரேயடியாக இறங்கினால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும்.

சரிங்க, சாம்பிள் எவ்வளவு, எப்படிக் கொண்டு வரணும்?

உலர்ந்த இலையாக 200 கிராம் இருந்தால் சாறு எடுத்து எல்லா டெஸ்டும் திரும்பத் திரும்பப் பண்ணக் காணும். மில்லில் கொடுத்து அரைக்காதீர்கள், அதற்கு முன் அரைத்த மல்லியும் மிளகாயும் அதில் கலந்துதான் வரும். பிளாஸ்டிக் கவரில் கட்டினால் பூசணம் பிடிக்கும், காகிதப் பையில் போட்டு, பறித்த ஊர், தேதி, எந்தப் பாகம் என்று பென்சிலில் எழுதுங்கள், பேனா மை மெத்தனால் பட்டால் அழிந்துவிடும். அடையாளம் பார்க்க அழுத்தி வைத்த செடியும் தனியாக வரட்டும்.